சந்தனம் அடைத்த மூன்று துளைகள்

1

ஹைதராபாத்துக்கு வந்த பிறகு எனக்கு இது இருபதாவது ஆயுத பூஜை. முதல் பத்தொன்பதும் பொரி, கடலை, சுண்டலோடு ஒழுங்காக முடிந்தன. இருபதாவதில் வீடு வெடிக்கப் பார்த்தது. வெடிக்கவில்லை. எல்லோரும் நலம். என் கணவரின் உள்ளங்கையில் மட்டும் ஒரு கட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கோயம்புத்தூரில் இருக்கும் நீங்கள் பாதி படித்ததும் போனைக் கையில் எடுத்துவிடுவீர்கள்.

நடந்து ஒரு வாரம் ஆகிவிட்டது, எழுத உட்கார்ந்தால் இன்னும் கை பரபரக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. இங்கே சொல்ல ஆளில்லாமல் இல்லை. ஆனால் இந்த ஊரில் எதைச் சொன்னாலும் பாதியைத் தெலுங்கில் சொல்ல வேண்டும். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும்போது தெலுங்கு வருவதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உப்பல் தொழிற்பேட்டையில், மின்சார ஸ்கூட்டர்களுக்குப் பேட்டரிப் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருக்கிறேன்; அதற்கு முன்பும் பேட்டரி வேலைதான். பாதுகாப்புப் பொறுப்பும் என்னுடையதுதான். தினமும் காலையில் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஐந்து நிமிடம் பேசுவேன். பேட்டரிச் செல்லின் உறை கிழிந்திருந்தால் எடுத்துக் காட்டு, தெரியாத பொருளைத் தொடாதே, தப்பு செய்தால் உடனே வந்து சொல், திட்ட மாட்டேன். இதையே விதவிதமாகச் சொல்வேன். கோயம்புத்தூர் வாடையடிக்கும் என் தெலுங்கை என் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

என் கணவர் தியாகராஜன் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் கருவி மெக்கானிக். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் "வேலை" என்பார். ரகசியம் காப்பது அவருக்குச் சம்பளத்தோடு சேர்ந்து வந்த பழக்கம். மூன்று வருடத்துக்கு முன் சிகரெட்டை விட்டார். ஒரே நாளில் விட்டார். அதை நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். உங்களிடமும்தானே சொன்னேன்.

2

கோயம்புத்தூர் கணபதியில் அப்பா வேலை பார்த்த மோட்டார் பட்டறையில் ஆயுத பூஜை என்றால் முதல் நாளே லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார்கள். ஸ்பானர், வெர்னியர், அரம், சுத்தியல் எல்லாம் வரிசையாக வரும். ஒன்றுகூடப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் எதையும் தொடக் கூடாது. சாமி கும்பிடுவதில் எனக்குப் பெரிய பிடிப்பில்லை. இந்த ஒரு நாள் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வருடம் முழுக்கக் கையில் பிடிக்கிறோமே, ஒரு நாள் அவற்றுக்கு மரியாதை செய்தால் என்ன குறைந்துவிடும்?

இங்கேயும் தசரா தடபுடல்தான். வண்டிக்கெல்லாம் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தெருவே மஞ்சளாகிவிடும். ஆனால் திருப்புளிக்குப் பொட்டு வைக்கிற வீடு எங்கள் குடியிருப்பில் எங்களுடையது ஒன்றுதான்.

என் கணவரின் கருவிப் பெட்டியை ஒவ்வொரு வருடமும் அவரேதான் திறந்து அடுக்குவார். இந்த முறை வெள்ளைப் பூசணி வாங்கப் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனார். உப்பலிலேயே பூசணி கிடைக்கும். மொத்த மார்க்கெட்டில் வாங்கினால்தான் பூசணிக்கே திருப்தி என்பது அவர் கொள்கை. போக்குவரத்தில் மாட்டிக்கொண்டார். நேரமாகிறதே என்று பெட்டியை நானே திறந்தேன்.

அடித்தட்டில், பனியன் துணியில் சுற்றி, ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. என் உள்ளங்கை நீளம், பெருவிரலைவிடக் கொஞ்சம் பருமன். அதன் கடைசல் வேலையைப் பார்த்து அசந்துபோனேன். பட்டறைக்காரர் மகள் அல்லவா, மரையைத் தடவிப் பார்த்தாலே யார் கை என்று சொல்லத் தோன்றும். துளை அளக்கும் ஏதோ கேஜ் போலிருக்கிறது, ஆபீஸில் செய்தது, அதனால்தான் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். தெரியாத பொருளைத் தொடாதே என்று இருபது வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவள், எலுமிச்சைத் தோலால் அதைப் பளபளவென்று தேய்த்தேன். தேய்க்கும்போது அடியில் ஒரு வளையம் தளர்ந்து சுழன்றது. முட்டும்வரை சுழற்றி விட்டேன். அடிப்பக்கமாக முக்கோண வடிவில் மூன்று சிறு துளைகள் இருந்தன. பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் உண்டா? மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து மூன்றிலும் அழுத்தி வைத்தேன். நடுவில் குங்குமம். பிறகு பூஜைப் பலகையின் முன்வரிசையில், எல்லாவற்றுக்கும் முன்னால், நிமிர்த்தி நிறுத்தினேன்.

3

என் கணவர் வந்தார், அவசரமாகக் குளித்தார், வேட்டியோடு கூடத்துக்கு வந்தார். பலகையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பூசணியை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

என் போனை ஸ்டூல் மேல் சாய்த்து வைத்து, கோயம்புத்தூரிலிருக்கும் என் தம்பி செந்திலை வீடியோவில் அழைத்திருந்தேன். என் மகள் ரம்யா, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவள், தன் போனில் தனியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுப் பத்மக்கா பூ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றார். ஊதுவத்தியைக் கொளுத்தினேன். ஸ்டாண்டைக் காணோம். பித்தளைக் குழாயின் தலையில் அளவெடுத்தாற்போல ஒரு துளை இருந்தது. அதில் அழுத்திச் செருகினேன். அடியில் டக் என்று ஒரு சத்தம். கச்சிதமாக நின்றுவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சி.

"அக்கா, மாமா எளைச்சுட்டாருங்களா?" என்றான் செந்தில்.

கற்பூரத் தட்டோடு போன் பக்கம் திரும்பினேன். "எளைக்கலடா, மொகம் தெளிஞ்சிருக்குது. மூணு வருசமாச்சு. ஒரு சிகரெட்டு வாசம் கெடையாது எங்கூட்டுல. உங்க மாமாவப் பாத்து நீயும் அந்தக் கருமத்த விடோணும்."

எனக்குப் பின்னால் வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. ஊதுவத்திப் புகை மாதிரி இல்லை, இட்லிப் பானையைத் திறந்தாற்போல.

"மதிகாரு, ஏ அகர்பத்தி இதி? மாமிடி பண்டு வாசன. சாலா பாகுந்தி" என்றார் பத்மக்கா. மாம்பழ வாசனையாம், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். எனக்கும் வாசனை வந்தது. சந்தன ஊதுவத்தியில் ஏது மாம்பழம் என்று யோசித்தேனே தவிர, பேச்சை நிறுத்தவில்லை. வளர்மதி ஒரு விஷயத்தில் பெருமை பேச ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மாட்டாள் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

பிறகு மாம்பழம் போய்த் துணி கருகும் நாற்றம் வந்தது. அதற்கும் பின்னால், மெல்லிசாக, இன்னொரு நாற்றம். செல்லைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை வேகும் நாற்றம். தூக்கத்தில் வந்தால்கூட எழுந்துவிடுவேன். தட்டோடு திரும்பினேன்.

அதற்குள் என் கணவர் பாய்ந்திருந்தார். "தள்ளிப் போங்க எல்லாரும். ரம்யா, பின்னால போ சாமி" என்று கத்திக்கொண்டே அந்தக் குழாயை வெறுங்கையால் பிடித்துத் தூக்கினார். சதை சுடும் சத்தம் எனக்குக் கேட்டது. விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைச் சுழற்றிக் கழற்றினார். கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு செல் வழுக்கித் தரையில் விழுந்து உருண்டது. எங்கள் தொழிற்சாலையில் ஸ்கூட்டர் பெட்டிகளுக்குள் வரிசை வரிசையாக அடுக்குகிறோமே, அதே அளவுச் செல். உறை சுருங்கி, பாதி உரிந்து, மேலே காற்று நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்தது என் வேலை. அடுப்படி இடுக்கியால் அதைக் கவ்வி, பால்கனியில் தண்ணீர் வராத நாளுக்காகப் பிடித்து வைத்திருந்த வாளியில் போட்டேன். சொய்ங் என்றது. பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கூடத்துக்கு வந்ததும் ரம்யாதான் ஆரம்பித்தாள். "அப்பா, யுவர் வேப். ஐ டோல்டு யூ டு க்ளீன் தட் பட்டன்." அது இ-சிகரெட்டாம், அதன் பித்தானைத் துடைக்கச் சொல்லியிருந்தாளாம்.

இந்த வீட்டில் பாதுகாப்பு அதிகாரியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஸ்டூலில் செந்தில் வாயைப் பிளந்துகொண்டு இன்னும் இருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

4

பக்கத்துக் கிளினிக்கில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இங்கே எந்தப் படிவத்திலும் வீட்டுப் பெயர், அதாவது குடும்பப் பெயர், என்று ஒன்று கேட்பார்கள். நமக்கு ஏது அது? அப்பா பெயரைப் போடுவோம். கிளினிக் ஊழியர் அதைத்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்வார். "ஆறுமுகம் காரு, ரண்டி", அதாவது ஆறுமுகம் ஐயா வாங்க, என்று கூப்பிட்டார்கள். என் மாமனார் போய் எட்டு வருடம் ஆகிறது. ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளில் அவர் இன்னும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காயத்துக்குக் காரணம் என்ற இடத்தில் என் கணவர் இடது கையால் "விளக்கு" என்று எழுதினார். பேனாவைப் பிடுங்கி, அந்த வார்த்தையை அடித்துவிட்டு "பேட்டரி" என்று எழுதினேன். வெளியே வந்து ஆட்டோ கிடைக்கும்வரை அவரைத் திட்டினேன். மூன்று வருடமாக என்னை முட்டாளாக்கியதற்கு, நுரையீரலுக்கு, ரம்யாவைக் கூட்டு சேர்த்ததற்கு. இ-சிகரெட்டை விற்பதும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் இந்த நாட்டில் தடை. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பழைய சிநேகிதர் ஒருவர், தான் நிறுத்திவிட்டதாகச் சொல்லி இதை இவர் தலையில் கட்டியிருக்கிறார். சிகரெட்டை விட்ட இரண்டாம் மாதமே இது கைக்கு வந்துவிட்டதாம். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதித்தது.

அவர் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்றார். "சொல்லியிருக்கோணும்" என்றார். அத்தோடு போயிருந்தால் இரண்டு நாளில் சரியாகியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து ரம்யாவின் போனை வாங்கினேன். தொழிற்சாலையில் எது நடந்தாலும் கேமரா பதிவை நான்தான் உட்கார்ந்து பார்ப்பேன். கை தானாக அதைத்தான் செய்தது. முதலில் நான் வந்தேன், ஊதுவத்தியைச் செருகினேன். உடனே புகை. புகையின் முதல் இழை தெரிந்த இடத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து என் கணவர் முகத்தை மட்டும் பார்த்தேன். அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. கண் விரிகிறது. ஒரு அடி எடுத்து வைக்கிறார். ஸ்டூலில் இருக்கும் போனைப் பார்க்கிறார். நிற்கிறார். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதைப் படமெடுக்கும் ரம்யா புகைக்கு நேர் முன்னால் நிற்கிறாள். குழாயிலிருந்து அவள் முகம் இரண்டு முழத் தூரம்கூட இல்லை.

நாற்பத்திரண்டு விநாடி. மூன்று முறை எண்ணினேன்.

அவர் கையைச் சுட்டுக்கொண்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த நாற்பத்திரண்டு விநாடியைத்தான் மன்னிக்க முடியவில்லை. மானம் போய்விடுமே என்று என் மகளை அதன் முன்னால் நிற்க விட்டாரே. போனை அவர் முன் நீட்டினேன். பார்த்தார். தலை குனிந்தார். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

5

மறுநாள் விஜயதசமி. இருவருக்கும் விடுமுறை. பேச மாட்டேன் என்று முடிவெடுத்த எனக்கு ஒரு பெரிய சோதனை. அந்தக் குழாய் மேசை மேல் கிடக்கிறது. இருபது வருடம் பேட்டரியோடு குடும்பம் நடத்துபவள் அதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? கேள்வி கேட்க வேண்டும். கேட்க வேண்டிய ஆள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ரம்யாவை நடுவில் உட்கார வைத்தேன்.

"இதுக்குள்ள சர்க்யூட் எங்கன்னு உங்கப்பாகிட்டக் கேளு."

"அப்பா, அம்மா இஸ் ஆஸ்கிங்."

"இல்லன்னு சொல்லு கண்ணு. இது மெக்கானிக்கல். பித்தான அழுத்துனா செல்லுலருந்து நேரா கம்பிச் சுருளுக்குக் கரண்டு போகும். அவ்ளோதான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாங்கள் ஒரு பெட்டியில் கரண்டு போதும் என்று சொல்ல ஒரு சிப், சூடு பார்க்க ஒரு சிப் என்று வைத்துக்கொண்டு இரவு பகல் கவலைப்படுகிறோம். இதில் நிறுத்தச் சொல்ல யாருமே கிடையாது. ஒரு குழாய், ஒரு செல், ஒரு பித்தான், மேலே மாம்பழ மணத் திரவத்தில் ஊறிய பஞ்சுக்குள் சுருண்ட கம்பி. என்ன எளிமை என்று வியக்கவும் செய்தேன், பயத்தில் உடம்பு சிலிர்க்கவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

"இந்த வளையம் என்னன்னு கேளு."

பூட்டாம். அதைச் சுழற்றி மூடினால் பித்தான் இறங்காது. பையில் போடும்போதும் கீழே வைக்கும்போதும் பூட்ட வேண்டும். நான்தான் தேய்க்கும்போது திறந்துவிட்டேன். பித்தான் அடியில் இருப்பதால் நிமிர்த்தி வைக்கவே கூடாது, படுக்கத்தான் வைக்க வேண்டும். நான்தான் நிமிர்த்தி, ஊதுவத்தியால் அழுத்தியும் விட்டேன்.

"அழுத்தினா திரும்பி வரோணுமில்ல, ஏன் வரலன்னு கேளு."

ரம்யா கேட்பதற்கு முன்பே அவர் முகம் வாடியது. பித்தானைக் கழற்றிக் காட்டினேன். இனிப்புத் திரவம் கசிந்து பிசினாகி, ஸ்பிரிங்கோடு ஒட்டிக் கிடந்தது. மரையெல்லாம் கறுப்பு. வாரம் ஒருமுறை மரையையும், செல் தொடும் இடங்களையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து உலர விட வேண்டும், ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்ற வேண்டும், இது அவருக்குத் தெரியும். கடைசியாகத் துடைத்தது எப்போது என்று கேட்கச் சொன்னேன். "சம்மருக்கு முந்தி" என்று ரம்யாவே பதில் சொல்லிவிட்டாள். ஆபீஸில் ஒரு தூசு இருந்தால் தூங்காத மனிதர் இவர்.

மல்டிமீட்டரை எடுத்து வந்து சுருளை அளந்தேன். கால் ஓம். நிரம்பிய செல்லில் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல். பதினாறு ஆம்பியர் ஓடியிருக்கிறது. செல் எங்கே வாங்கியது என்று கேட்டேன். எங்கள் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்ததாம். நல்ல செல்லைத் தூக்கிப் போட மனசு வரவில்லையாம். அந்தச் செல் ஐந்து ஆம்பியர் தாங்கினால் அதிகம். போதாததற்கு இன்னொரு செல்லைச் பேன்ட் பையில் வீட்டுச் சாவியோடு சேர்த்துப் போட்டு நடந்திருக்கிறார். உறையில் ஒரு கீறல் இருந்து, சாவி அதில் பட்டிருந்தால் தொடை வெந்திருக்கும். பேசக் கூடாதே என்று வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

கடைசியாக, கேட்காமலிருக்க முடியாத கேள்வி. "இந்த மூணு தொளை எதுக்குன்னு கேளு."

அதை அவர் எனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. செல் கெட்டு உள்ளே வாயு கிளம்பினால் வெளியே போக வழி. எங்கள் பெட்டியிலும் உண்டு. அந்த வழி இருந்தால் புஸ்ஸென்று போகும். அடைத்துவிட்டால் பித்தளைக் குழாய் கையில் இருக்கும் வெடிகுண்டு. ஊசியெடுத்து மூன்றையும் குத்தினேன். காய்ந்த சந்தனம் மூன்று சிறு ஆணிகளாகத் தாளில் விழுந்தது. எவ்வளவு பாந்தமாக அடைத்திருக்கிறேன்.

"ரம்யா" என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே. "அம்மாகிட்டச் சொல்லு. அம்மா அப்ப செந்தில்கிட்ட என்னையப் பத்திப் பெருமையாப் பேசிட்டு இருந்தா. மொகமெல்லாம் சிரிப்பு. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல. அதான் நின்னுட்டேன். தப்புதான்."

ரம்யா அதை மொழிபெயர்க்கவில்லை. "நாக்கோஸம் மீரித்தரு கொட்டுக்கோகண்டி" என்று தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்காக நீங்கள் இருவரும் சண்டை போட வேண்டாமாம். பிறந்ததிலிருந்து தமிழ் கேட்டு வளர்ந்தவள், மனசு நோகும்போது தெலுங்குக்குப் போய்விடுகிறாள். அது என்னை இன்னொரு பக்கம் குத்தியது. அப்போதும் நான் பேசவில்லை.

6

அடுத்த நாள் தொழிற்சாலை திறந்தது. காலையில் வரிசை நின்றது. என் பையில் அந்தக் காலிக் குழாய் இருந்தது. எல்லோருக்கும் காட்டி, நடந்ததைச் சொல்லி, துளையை அடைப்பது என்றால் என்ன என்று விளக்கலாம் என்றுதான் எடுத்துப் போனேன். அதைவிட நல்ல பாடம் இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

வாயைத் திறந்தேன். பாதுகாப்பு மேடம் வீட்டில் பூஜைப் பலகை மேல் பேட்டரி புகைந்தது என்றால் இவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று கண்முன் வந்தது. என் தெலுங்கை நடித்துக் காட்டுபவர்கள், இனி நான் ஊதுவத்தி செருகுவதையும் நடிப்பார்கள். கையுறை ஒழுங்காகப் போடுங்கள், செருப்போடு உள்ளே வராதீர்கள் என்று வழக்கம்போல் ஏதோ சொல்லிவிட்டு அனுப்பிவிட்டேன். குழாயை மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். அன்று முழுக்க அந்த இழுப்பறையை நான் திறக்கவில்லை.

மறுநாள் காலை வரிசைக்குப் போகும் வழியில் அதை எடுத்தேன். ஏன் என்று கேட்டால், வெட்கத்தைவிடக் குறுகுறுப்பு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். குழாயைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன், எல்லாவற்றையும், என் உடைந்த தெலுங்கில். ஊதுவத்தி வரும்போது சிரித்தார்கள். மாம்பழ வாசனைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்று துளையில் நான் சந்தனத்தை அழுத்தி வைத்ததைச் சொன்னபோது ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கும் ஸ்வரூபா. கையைத் தூக்கினாள்.

"மேடம், ஒகட்டி செப்பாலி" என்றாள். ஒன்று சொல்ல வேண்டுமாம். "பூஜ ரோஜு பேக்ஸ்கி கூடா பொட்லு பெட்டாம்." பூஜை அன்று பேட்டரிப் பெட்டிகளுக்கும் பொட்டு வைத்தார்களாம்.

தொழிற்சாலையில் பூஜையை எங்கள் வீட்டுக்கு முந்தின நாளே முடித்திருந்தார்கள். எந்திரங்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தபின், பரிசோதனை முடிந்து தயாராக இருந்த நாற்பது பெட்டிகளுக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளையாக, வட்டமாக ஒரு மூடி இருக்குமே, அதன் நடுவில், அழகாக இருக்கும் என்று. அந்த மூடிதான் வாயு வெளியேறும் வழி.

பெட்டிகள் எங்கே என்றேன். முந்தின நாள் மாலையே லாரியில் ஏற்றியாகிவிட்டது.

ஓடினேன். என் உடம்புக்கு நான் அப்படி ஓடி எத்தனையோ வருடம். வாசலில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் "கைக்கு மேடம், டைம் ஹோ கயா" என்று இழுத்தார், எதற்கு, நேரமாகிவிட்டதே என்று. "நக்கோ, நக்கோ, உதாரோ" என்று எனக்குத் தெரிந்த உருதுவையெல்லாம் கொட்டி இறக்கச் சொன்னேன். நாற்பது பெட்டியும் இறங்கின. நாற்பதிலும் மூடியின் மேல் மஞ்சள் காய்ந்து இறுகி, நடுவில் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒரு ஸ்கூட்டருக்குள், யாரோ ஒருவரின் இருக்கைக்கு அடியில் போயிருக்கும். ஸ்வரூபா அழுதுகொண்டே மூடிகளைக் கழற்றினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றினேன். மாலைக்குள் நாற்பதுக்கும் புது மூடி போட்டோம். அன்று முழுக்க இருந்தது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

விபத்துப் பதிவேட்டில் எழுதும்போதுதான் உறைத்தது. எப்போது தெரிய வந்தது, எப்போது தெரிவிக்கப்பட்டது என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் நாள் காலையிலேயே நான் வாயைத் திறந்திருந்தால் ஸ்வரூபாவும் அப்போதே கையைத் தூக்கியிருப்பாள். பெட்டிகள் லாரியில் ஏறியே இருக்காது. இன்னும் அரை மணி நேரம் நான் வெட்கப்பட்டிருந்தால் லாரி ஊரைத் தாண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். அவர் மேசையில் இடது கையால் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, ரம்யாவைக் கூப்பிடாமல், நேராக அவரிடம் சொன்னேன். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. ஸ்வரூபா, லாரி, நாற்பது பெட்டி, இழுப்பறை, எல்லாம்.  "நேத்துக் காலைலயே சொல்லியிருக்கோணுமுங்க. சிரிப்பாங்களேன்னு ஒரு நாள் முழுக்க வாயத் தெறக்கல" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.  உதட்டோரத்தில் சிரிப்பு வந்துவிட்டதை அவரால் மறைக்க முடியவில்லை.

"நாப்பத்திரண்டு விநாடிக்கு நீ எங்கூட மூணு நாள் பேசல" என்றார். "ஒரு நாள் முழுக்க இருந்ததுக்கு நான் உங்கூட எவ்ளோ நாள் பேசாம இருக்கோணும்? நீயே கணக்குப் போட்டுச் சொல்லு."

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட பதினேழு வருடம் வந்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அத்தன வருசமெல்லாம் என்னால ஆகாது மதி" என்று சொல்லி, கட்டுப் போட்ட கையை என் பக்கம் நீட்டினார். மருந்து மாற்ற வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.